ரீப்ளே போட்டா நியாயம் வந்துடுமா?

ஒரே ஃபைனலை இரண்டு தடவை ஜெயிக்க முடியுமா? முடியும். பெல்ஜியம் ஜெயித்திருக்கிறது.

2018 டிசம்பர் 16, புவனேஸ்வர். கலிங்கா ஸ்டேடியத்தில் உலகக் கோப்பை ஹாக்கி ஃபைனல். பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒரு மணி நேரம் முட்டி மோதிப் பார்த்தும் 0-0. ஷூட் அவுட்டுக்குப் போனார்கள். பெல்ஜியத்தின் ஆர்தர் டி ஸ்லூவர் பந்தை உருட்டிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். அவ்வளவுதான், உலக சாம்பியன்! மொத்த டீமும் ஓடி வந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்து கட்டிப் புரண்டது.

எங்கேயோ மேலே ஒரு ரூமில் உட்கார்ந்திருந்த வீடியோ அம்பயர் மட்டும் புரளவில்லை. படத்தைத் திருப்பி ஓட்டினார். பந்து டி ஸ்லூவரின் காலில் பட்டிருந்தது. கோல் கிடையாது!

தாலி கட்டி, அட்சதை போட்டு, முதல் பந்தியும் முடிந்தபிறகு ஐயர் எழுந்து நின்று, "முகூர்த்தம் சரியில்லை, மறுபடி வாங்கோ" என்றால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இருந்தது அந்தப் பையன்களின் முகம். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றார்கள். சடன் டெத். வான் ஆபெல் கோல் போட்டார். நெதர்லாந்தின் ஹெர்ட்ஸ்பெர்கர் கோட்டை விட்டார். 3-2. பெல்ஜியம் சாம்பியன், இரண்டாவது தடவையாக! இந்த முறை அம்பயர் மேல் ஒரு கண் வைத்துக்கொண்டேதான் புரண்டிருப்பார்கள்.

இதைச் சொல்லக் காரணம், வீடியோ அம்பயர் என்கிற சமாச்சாரம் ஒழுங்காக வேலை செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இது நல்ல சாம்பிள். பட்டதா, படவில்லையா? பட்டது. கேஸ் முடிந்தது. தோற்ற நெதர்லாந்துகூட இதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

வம்பு எங்கே வருகிறதென்றால், கேமராவிடம் அதற்குத் தெரியாத கேள்வியைக் கேட்கும்போது.

*

கிரிக்கெட்டில் டி.ஆர்.எஸ். பற்றிக் கேட்டால் நம் ஆபீஸ் கேன்டீனில் அட்டெண்டர் முதல் மேனேஜர் வரை ஆளுக்கு அரை மணி நேரம் பேசுவார்கள். 1992-ல் டர்பனில் டெண்டுல்கரை ரன் அவுட் கொடுத்ததிலிருந்து ஆரம்பிப்பார்கள் (மூன்றாவது அம்பயர் டி.வி. பார்த்து அவுட் கொடுத்த முதல் ஆள் நம்மாள்தான். அந்தப் பெருமையும் அவருக்கே!). ஹாக்கியில் எப்படி என்று கேளுங்கள், உதட்டைப் பிதுக்குவார்கள். அதனால் சுருக்கமாக...

களத்தில் இரண்டு அம்பயர்கள். பந்தின் சுற்றளவு 23 சென்டிமீட்டர் பக்கம், கைக்கு அடக்கமான சைஸ். நல்ல டிராக் ஃபிளிக்கர் அடித்தால் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும். நடுவில் பத்துப் பதினைந்து கால்கள், அத்தனை மட்டைகள். கீப்பரைத் தவிர யார் காலில் பந்து பட்டாலும் தப்பு. இதையெல்லாம் ஓடிக்கொண்டே பார்த்து, விசில் ஊதி, கையும் காட்ட வேண்டும். அம்பயர் வேலைக்கு ஆள் கிடைப்பதே ஆச்சரியம்தான்.

டீமுக்கு ஒரு ரெஃபரல். கையால் 'டி' எழுத்து மாதிரி காட்டினால் மேலே அப்பீல் போகும். ஆனால் எல்லாவற்றுக்கும் போக முடியாது. 23 மீட்டர் கோட்டுக்கு உள்ளே நடந்ததாக இருக்க வேண்டும். கோல், பெனால்டி கார்னர், பெனால்டி ஸ்ட்ரோக், இந்த மூன்றில் ஒன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். 'அவர் காலில் பட்டது, எங்களுக்குக் கார்னர் வேண்டும்' என்று குறிப்பாகக் கேட்க வேண்டும். நம் கட்சி சரியென்றால் ரெஃபரல் கையிலேயே இருக்கும். தப்பென்றால் போச்சு. படத்தில் ஒன்றும் தெளிவாகத் தெரியவில்லை என்று வீடியோ அம்பயர் கையை விரித்தாலும் ரெஃபரல் நம்மிடமே இருக்கும். அந்தப் பெருந்தன்மை எனக்குப் பிடித்த விஷயம்.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஆடிட்டர் வருகிறார் என்றால் கம்பெனியில் நடந்த எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று அர்த்தமில்லை. அவர் வேலைக்கு ஒரு எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் பைசா சுத்தமாக டேலி ஆகும். அதற்கு வெளியே ஜீப்பே காணாமல் போயிருந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விடுவார்.

*

சரி, வீடியோ இல்லாத காலத்தில் எல்லோரும் சமத்தாக வீட்டுக்குப் போனார்களா?

1972 மியூனிக் ஒலிம்பிக்ஸ் ஃபைனல். பாகிஸ்தானை 1-0 என்று ஜெயித்தது மேற்கு ஜெர்மனி. அம்பயர்கள் கவிழ்த்துவிட்டார்கள் என்று பாகிஸ்தான் ஆட்கள் கொதித்துப் போனார்கள். சர்வதேச ஹாக்கி சம்மேளனத்தின் தலைவர் ரெனே ஃபிராங்க் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள். வெள்ளி மெடலைக் காலில் மாட்டிக்கொண்டார்கள். ஆயுள் தடை வந்தது. அப்புறம் அது நீக்கப்பட்டது.

நாம் மட்டும் என்ன, நம்முடைய ஒரே உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்களேன். 1975, கோலாலம்பூர். ஃபைனலில் எதிரே அதே பாகிஸ்தான். 1-1 என்று நிற்கும்போது தியான் சந்தின் மகன் அசோக் குமார் அடித்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே வந்துவிட்டது. 'உள்ளே போய்த்தான் வந்தது, கோல்' என்றார் அம்பயர். 'போகவே இல்லை' என்று பாகிஸ்தான் சண்டைக்கு வந்தது. அம்பயர் அசையவில்லை. 2-1. கோப்பை இந்தியாவுக்கு. நம்ம சென்னை வி.ஜே. ஃபிலிப்ஸும் அந்த டீமில் இருந்தார்.

அன்றைக்கு ஒரு வீடியோ அம்பயர் இருந்திருந்தால்..? எனக்குத் தெரிந்த ஒரு ஹாக்கி பெரியவரிடம் இதைக் கேட்டேன். "தம்பி, அந்தக் கோலைப் பத்திப் பேசறதா இருந்தா காபிக்கு நீயே காசு கொடுத்துட்டுப் போ" என்று எழுந்துவிட்டார்.

வீடியோ இல்லாத மேட்ச் எப்படி நடக்கும் என்று நானே கிட்டத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். காலேஜ் டீமில் நான் பதினாறாவது ஆள். அதாவது வாட்டர் பாட்டில், ஐஸ் பை, எல்லோருடைய வாட்ச், இதெல்லாம் என் பொறுப்பு. இன்டர் காலேஜ் மேட்ச். செம்மண் கிரவுண்டு. கோல் வலையின் பக்கவாட்டில் ஒரு பெரிய ஓட்டை. (வலை மாற்றக் கேட்ட லெட்டர் பிசிகல் டைரக்டர் மேஜையில் ஒரு வருஷமாக இருந்ததாகக் கேள்வி.) எங்கள் லெஃப்ட் விங் ஓங்கி அடித்தான். புழுதி அடங்கியதும் பார்த்தால் பந்து வலைக்குள் இருக்கிறது. முன்பக்கமாகப் போனதா, ஓட்டை வழியாக நுழைந்ததா?

எங்கள் ஆட்கள் பதினோரு பேரும் முன்பக்கம் என்றார்கள். அவர்கள் பதினோரு பேரும் ஓட்டை என்றார்கள். அம்பயர் ஒரு ரிட்டையர்டு டிரில் மாஸ்டர். நிதானமாக நடந்து வந்தார். பந்தை எடுத்து ஓட்டைக்குள் விட்டுப் பார்த்தார். போனது. வெளியே எடுத்து இன்னொரு தரம் விட்டுப் பார்த்தார். அப்போதும் போனது. "நோ கோல்" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார். தோற்றோம். பந்து எந்த வழியாகப் போனது என்று இன்றைக்கு வரை யாருக்கும் தெரியாது. இன்றைக்கும் காலேஜ் மேட்சுகளில் பெரும்பாலும் இந்தக் கதைதான். விசில்தான் வேதவாக்கு.

இந்த மாதிரித் தகராறுக்கு கேமராதான் மருந்து. அதில் எனக்கு சந்தேகமே இல்லை. ஆனால் மருந்துக்கே இரண்டு இடத்தில் கை நடுங்கிப் போனதைப் பார்த்துவிட்டேன்.

*

முதல் இடம், 2022 ஆகஸ்ட் 5. பர்மிங்காம் காமன்வெல்த் போட்டி. பெண்கள் ஹாக்கி செமி ஃபைனல். எதிரே ஆஸ்திரேலியா. பின்தங்கியிருந்த நம் பெண்கள் கடைசிக் கால்பகுதியில் வந்தனா கட்டாரியா போட்ட கோலில் 1-1 என்று பிடித்துவிட்டார்கள். ஷூட் அவுட்.

ஷூட் அவுட்டில் அடிப்பவருக்கு எட்டே எட்டு வினாடிதான். 23 மீட்டர் கோட்டிலிருந்து கிளம்பி கீப்பரை ஏமாற்றிக் கோல் போட வேண்டும். முதலில் ஆஸ்திரேலியாவின் ரோஸி மலோன் வந்தார். நம் கேப்டனும் கீப்பருமான சவிதா முன்னால் ஓடி வந்து தடுத்துவிட்டார். முதல் அடியிலேயே தடை! டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்த நாம் துள்ளிக் குதித்தோம்.

"அந்த எட்டு வினாடி கணக்கில் இல்லை. கடிகாரம் ஓடவில்லை" என்றார்கள்.

கடிகாரம் ரெடியாகும் முன்பே ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டார்களாம். விதிப்படி மறுபடி அடிக்க வேண்டும். மலோன் மறுபடி வந்தார். இந்த முறை கோல். அதற்கப்புறம் நம் பெண்கள் மூன்று பேர் அடித்து மூன்றும் வீண். 3-0. ஃபைனல் கனவு போச்சு.

சர்வதேச சம்மேளனம் மன்னிப்புக் கேட்டது. ஆரம்பித்ததுதான் தப்பு, மறுபடி அடிக்க விட்டது விதிப்படிதான் என்று விளக்கமும் கொடுத்தது. அதுவும் உண்மைதான். இங்கேதான் வயிற்றெரிச்சல். இதில் எந்த கேமராவும் உதவ முடியாது. சவிதா தடுத்ததைப் பத்து ஆங்கிளில் போட்டுக் காட்டலாம். படத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது. ஆனால் ஆட்டத்தையே வேறொருவர் சரியாக ஆரம்பிக்கவில்லை! அவருக்கு ஏது ரீப்ளே? வாடிக்கையாளர் பணத்தைக் கட்டிவிட்டார், கேஷியர் ரசீதில் சீல் போட மறந்துவிட்டார், 'மறுபடி கட்டுங்க' என்றால் பாங்க்கில் ரகளை நடக்கும். அந்தப் பெண்கள் மறுபேச்சில்லாமல் கட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து, நியூஸிலாந்துக்கு எதிரான வெண்கல மேட்ச். அதுவும் 1-1, அதுவும் ஷூட் அவுட். சவிதா நின்றார், தடுத்தார், ஜெயித்தார்கள். அந்தப் பெண்களுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு மேலே போகலாம்.

*

இரண்டாவது இடம்தான் எனக்கு ஆறவே இல்லை.

2024 ஆகஸ்ட் 4. பாரிஸ் ஒலிம்பிக்ஸ் கால் இறுதி. இந்தியா - பிரிட்டன். 17-வது நிமிஷம். நம் டிஃபெண்டர் அமித் ரோஹிதாஸ் பந்தோடு போகிறார். பிரிட்டனின் வில் கால்னன் மறிக்க வருகிறார். தாண்டும்போது ரோஹிதாஸின் மட்டை மேலே எழும்பி கால்னனின் தலைப்பக்கம் பட்டுவிட்டது. ஓடுகிற வேகத்தில் பார்த்தால் கண் சிமிட்டும் நேரம்.

விஷயம் வீடியோ அம்பயருக்குப் போனது. படம் ஓடியது. மெதுவாக ஓடியது. இன்னும் மெதுவாக ஓடியது. மட்டை கிளம்புகிறது... வருகிறது... வந்துகொண்டே இருக்கிறது... படுகிறது. பிறகு ரெட் கார்டு!

ஹாக்கியில் பச்சை என்றால் இரண்டு நிமிஷம் வெளியே. மஞ்சள் என்றால் ஐந்தோ பத்தோ நிமிஷம். சிவப்பு என்றால் அத்தோடு சரி, ஆளும் வரமாட்டார், பதில் ஆளும் கிடையாது. மீதி நாற்பத்து மூன்று நிமிஷத்துக்குப் பதினோரு பேருக்கு எதிராகப் பத்துப் பேர்.

தலையில் மட்டை படுவது சின்ன விஷயமில்லை. கால்னன் நம் வீட்டுப் பையனாக இருந்தால் நாமும் வரிந்து கட்டிக்கொண்டு வந்திருப்போம். மஞ்சள் கார்டு காட்டியிருந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். சிவப்பு என்பது வேறு ஜாதி. 'மோசமாக, ஆபத்தாக நடந்துகொண்டாய்' என்று ஆளின் குணத்துக்கே போடுகிற மார்க். மட்டை எங்கே பட்டது என்று கேமராவுக்குத் தெரியும். ஏன் பட்டது என்று அதற்கு எப்படித் தெரியும்?

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 2016-ல் அமெரிக்காவில் மூன்று பேராசிரியர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நிஜமான ஒரு கொலைக் கேஸின் துப்பாக்கிச் சூட்டு வீடியோவைச் சிலருக்குச் சாதாரண வேகத்திலும், சிலருக்கு ஸ்லோமோஷனிலும் காட்டினார்கள். ஸ்லோமோஷனில் பார்த்தவர்கள்தான் 'வேண்டுமென்றே சுட்டான்' என்று அதிகமாகச் சொன்னார்கள். அமெரிக்க ஃபுட்பாலில் மோதிக்கொள்ளும் காட்சியைக் காட்டியபோதும் அதே கதை. காரணம் எளிது. மெதுவாக ஓடும்போது 'அவனுக்கு யோசிக்க இவ்வளவு நேரம் இருந்ததே' என்று பார்ப்பவருக்குத் தோன்றிவிடுகிறது. அந்த நேரம் படத்தில்தான் இருந்தது, அவனிடம் இல்லை! இரண்டு வேகத்தையும் சேர்த்துக் காட்டினால் கோளாறு குறைந்தது, ஆனால் முழுசாகப் போகவில்லை என்பதையும் எழுதியிருக்கிறார்கள்.

நம்ம சினிமாவையே பாருங்களேன். ஹீரோ சாதாரணமாகத் தலையைத் திருப்பினால் கழுத்து வலி என்று நினைப்போம். ஸ்லோமோஷனில் திருப்பினால் 'என்னமோ திட்டம் போட்டுட்டான்யா' என்று விசில் அடிக்கிறோம். அதே விசில்தான் பாரிஸிலும் அடித்ததோ என்று எனக்குச் சந்தேகம்.

பத்துப் பேரை வைத்துக்கொண்டு நம்மவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத் தமிழ்நாட்டில் பாதிப் பேர் பார்க்கவில்லை (ஞாயிற்றுக்கிழமை மத்தியான பிரியாணித் தூக்கம்). ஐந்தே நிமிஷத்தில் பெனால்டி கார்னரில் ஹர்மன்பிரீத் கோல் போட்டார். 27-வது நிமிஷம் லீ மார்ட்டன் சமன் செய்தார். பாதி ஆட்டத்துக்கு அப்புறம் முழுக்க பிரிட்டன் அடி, ஸ்ரீஜேஷ் தடை, பிரிட்டன் அடி, ஸ்ரீஜேஷ் தடை. அது ஸ்ரீஜேஷின் கடைசி டோர்னமெண்ட். ஒவ்வொரு பந்தும் தன் வீட்டு ஜன்னலை நோக்கி வருவது மாதிரி பாய்ந்தார் மனுஷன். 1-1. ஷூட் அவுட்டில் 4-2. ராஜ்குமார் பால் கடைசி கோலைப் போட்டபோது கத்தின கத்தலில் பக்கத்து ஃபிளாட் மாமி கதவைத் தட்டி, "என்ன, ஏதாவது ஆயிடுத்தா?" என்று கேட்டார்.

ஜெயித்துவிட்டோமே, அப்புறம் என்ன புலம்பல் என்று கேட்பீர்கள். ஜெயித்த பிறகும் ஹாக்கி இந்தியா புகார் கொடுத்தது. வீடியோ அம்பயர் ஆளுக்கொரு மாதிரி தீர்ப்புச் சொல்கிறார் என்று முதல் குற்றச்சாட்டு. ஷூட் அவுட்டின்போது பிரிட்டன் கீப்பருக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னாலிருந்து யாரோ பாடம் நடத்தினார்கள், கீப்பர் டேப்லெட்டைப் பார்த்துக்கொண்டார் என்று மேற்கொண்டு குற்றச்சாட்டுகள். (எங்கள் யூனிவர்சிடி பரீட்சையில் இதற்கு மூன்று வருஷம் டிபார்!)

ஆனால் அடி விழுந்தது நமக்குத்தான். ரோஹிதாஸுக்கு ஒரு மேட்ச் தடை. அப்பீல் செய்தோம். தள்ளுபடி. ஒலிம்பிக் டீமில் மொத்தமே பதினாறு பேர். ஜெர்மனிக்கு எதிரான செமி ஃபைனலுக்குப் பதினைந்து பேரோடு இறங்கினோம்.

அந்தப் பதினாறாவது ஆள் என்னை மாதிரி வாட்டர் பாட்டில் ஆள் இல்லை. ரோஹிதாஸ் நம் 'ஃபர்ஸ்ட் ரஷ்ஷர்'. எதிரிக்குப் பெனால்டி கார்னர் கிடைத்ததும், பந்து நிறுத்தப்படும் இடத்தை நோக்கிக் கோல் கோட்டிலிருந்து முதல் ஆளாகப் பாய்ந்து ஓடுபவர். எதிரே டிராக் ஃபிளிக்கர் நூறு கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்போகிறார் என்று தெரிந்தும் அதன் வழியிலேயே உடம்பைக் கொண்டுபோய் நிறுத்துகிற உத்தியோகம். முழங்காலில் பட்டால் முழங்கால் காலி. ஒரு ஃபார்ம் பில்-அப் பண்ணவே யோசிக்கிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த மாதிரி ஆட்களின் மண்டைக்குள் என்ன ஓடுகிறது என்று புரியவே புரியாது.

2018-லும் இதே ரோஹிதாஸ்தான். புவனேஸ்வர் உலகக் கோப்பை கால் இறுதியில் நெதர்லாந்திடம் 2-1 என்று தோற்றோமே, அந்த மேட்சில் அவருக்குப் பத்து நிமிஷ மஞ்சள் கார்டு. மன்பிரீத்தைப் பின்னாலிருந்து தள்ளியதற்கு மட்டும் ஏன் கார்டு இல்லை என்று கோச் ஹரேந்திர சிங் வெளிப்படையாகவே கொட்டித் தீர்த்தார். மனுஷனுக்கு ராசி அப்படி.

இப்போது ஜெர்மனி மேட்சுக்கு வருவோம். ஹர்மன்பிரீத் கோலில் நாம் முன்னிலை. 18-வது நிமிஷம் ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர். பெய்லாட் அடித்தார். கோல். ரோஹிதாஸ் ஓடியிருந்தால் தடுத்திருப்பாரா? சத்தியம் பண்ண முடியாது. ஓடியிருப்பார் என்பது மட்டும் நிச்சயம். 54-வது நிமிஷம் மில்ட்காவ் மூன்றாவது கோலைப் போட, 3-2 என்று முடிந்தது. 44 வருஷத்துக்கு அப்புறம் ஒலிம்பிக் ஃபைனல் என்கிற ஆசை அங்கேயே காலி. கடைசியாக நாம் தங்கம் வாங்கியது 1980 மாஸ்கோவில், நம்ம பாஸ்கரன் கேப்டனாக இருந்தபோது.

கேமராவைக் கழற்றி எறியச் சொல்லவில்லை நான். கால், கோடு, கம்பம் எல்லாவற்றையும் அது பார்த்துச் சொல்லட்டும், கும்பிட்டு ஏற்றுக்கொள்வோம். கார்டு விஷயத்தில் மட்டும் முதலில் சாதாரண வேகத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். ஆள் எவ்வளவு வேகத்தில் வந்தான் என்று அம்பயருக்கு உறைத்த பிறகு ஸ்லோமோஷன் போடட்டும். எங்கே பட்டது என்று பார்க்கத்தான் அது, ஏன் பட்டது என்று ஜோசியம் பார்க்க அல்ல. எந்தக் காரணத்துக்காக இந்தக் கலர் என்று நாலு வார்த்தை மைக்கில் சொல்லிவிட்டால் இன்னும் நல்லது. நம் ஆபீஸ் மெமோவிலேயே காரணம் போட்டுத்தானே கொடுக்கிறார்கள்.

ஆகஸ்ட் 8, ஸ்பெயினுக்கு எதிரான வெண்கல மேட்சில் ரோஹிதாஸ் திரும்ப வந்தார். கடைசி நிமிஷத்தில் ஸ்பெயினுக்குப் பெனால்டி கார்னர் மேல் பெனால்டி கார்னர். 2-1 என்று காப்பாற்றிக்கொண்டு மெடலோடு வந்தார்கள்.